பாஷை பிழைக்கும் இடம்

அரசாங்கம் ஆதரித்தால் ஒரு பாஷை பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணுவோர் பலர். சட்டம் ஒன்று செய்து, காரியாலயங்களின் முகப்பில் பலகை ஒன்றைத் தொங்கவிட்டு, நாணயத்திலும் தபால் தலையிலும் நாலு எழுத்துப் பொறித்துவிட்டால் காரியம் முடிந்தது என்பது அவர்களுடைய கட்சி. ஐரோப்பாவின் வடமேற்கு மூலையிலுள்ள மூன்று சிறு தேசங்களின் சரித்திரத்தைப் பார்த்தால், இதில் எவ்வளவு உண்மை உண்டு என்பது விளங்கும்.

முதலில் நார்வே. 400 வருஷங்களுக்கு மேல் இந்நாடு டென்மார்க் மன்னருக்கு அடங்கியிருந்தது. 1814-ல் ஸ்வீடன் மன்னரின் கீழ் வந்தது. 1905-ல்தான் பூரண சுதந்திரம் பெற்றது. இதற்கிடையில் அதன் சொந்த எழுத்து மொழி மறைந்தே போயிற்று. பாதிரியாரின் பிரசங்கமும், நியாயஸ்தலத்தின் தீர்ப்பும், பள்ளிப் பாடமும் டேனிஷ் பாஷையிலேயே நடந்தன. குடியானவர்கள் பேசியதோ பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறுபட்ட நாட்டு வழக்கு. அது வெறுங் கொச்சை என்பது பட்டணத்துப் படிப்பாளிகளின் தீர்மானம்.

இந்தத் தீர்மானத்தை ஒப்பாதவர் ஈவார் ஓசென் என்பவர். 1813-ல் மேற்குக் கரையில் ஓர் ஏழைக் குடியானவரின் மகனாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். சர்வகலாசாலையில் பயின்றவரல்லர், கற்றதெல்லாம் தாமாகக் கற்றதே. டிரோண்ட்ஹைம் நகரத்து வித்வத் சங்கம் அளித்த சொற்ப உதவித் தொகையைக் கொண்டு, 1842 முதல் 1846 வரையில் ஊர் ஊராகச் சுற்றினார். உழவர்களிடமும் மீனவர்களிடமும் சொற்களைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1848-ல் இலக்கணமும், 1850-ல் அகராதியும் வெளிவந்தன. கொச்சை என்று இகழப்பட்ட பேச்சுக்களின் அடியில் பழைய நார்வே மொழியின் வேர் அறுபடாமல் இருப்பதை அவை காட்டின. அந்த வேரிலிருந்து அவர் ஒரு பொது எழுத்து மொழியை அமைத்தார். 1885-ல் பார்லிமெண்டு அதற்குச் சம அந்தஸ்து அளித்தது. இன்று ‘நீநொர்ஸ்க்’, அதாவது புது நார்வே மொழி, என்று வழங்குவது அதுவே. பள்ளிப் பிள்ளைகளில் சுமார் பத்தில் ஒருவருக்கு அதுதான் முதல் எழுத்து மொழி. 2023-ல் நோபல் பரிசு பெற்ற யோன் ஃபொஸ்ஸெ அதில்தான் எழுதுகிறார். கொச்சைக்குக் கிடைத்த வெகுமதி இது!

அடுத்தது அயர்லாந்து. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் ஜனங்கள் மாண்டார்கள். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினார்கள். மிகுதியாக அடிபட்டவை ஐரிஷ் பேசிய மேற்குப் பிரதேசங்கள். எஞ்சிய பெற்றோர், அமெரிக்காவில் பிழைப்பதற்கு இங்கிலீஷே வேண்டும் என்று கண்டு, தங்கள் பாஷையைக் குழந்தைகளுக்குச் சொல்லாமல் விட்டார்கள். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. பசித்த வயிற்றுக்கு முன்னால் பாஷாபிமானம் எம்மாத்திரம்?

புராட்டஸ்டண்டு பாதிரியார் ஒருவரின் குமாரரான டக்ளஸ் ஹைட், கிராமத்து முதியவர்களிடம் ஐரிஷ் கற்றவர். அயர்லாந்து தன் இயல்பை இழந்து இங்கிலீஷ் மயமாவதைக் கண்டித்து 1892-ல் ஒரு பிரசங்கம் செய்தார். மறு வருஷம் நண்பர்களுடன் கேலிக் சங்கத்தை நிறுவினார். 1922-ல் சுதந்திர ராஜ்யம் அமைந்தபொழுது ஐரிஷ் தேசிய பாஷையாயிற்று. 1938-ல் ஹைட் முதல் ஜனாதிபதியானார். ஒரு பாஷைக்கு இதைவிட என்ன ராஜமரியாதை வேண்டும்? ஆனால் 2022 ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். ஐரிஷ் தெரியும் என்று சொன்னவர்கள் 18 லட்சத்துக்கு மேல். பள்ளிக்கு வெளியே அன்றாடம் அதைப் பேசுவோர் சுமார் 72,000 பேர்தாம்!

அப்படியானால் சட்டத்தினால் பயனே இல்லையா? அவசரப்பட்டு அம்முடிவுக்கு வருவதற்கு முன் வேல்ஸைப் பார்க்க வேண்டும். இங்கிலீஷ் அறியாதவனுக்கு அங்கே உத்தியோகமில்லை என்று 1536-லேயே சட்டம் செய்துவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பள்ளிக்கூடங்களில், வேல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் மரத்துண்டு ஒன்றை மாட்டினார்கள். அடுத்துப் பேசிய குழந்தைக்கு அது கைமாறும். கடைசியில் யாரிடம் இருக்கிறதோ அந்தக் குழந்தைக்கு அடி. இத்தனைக்கும் நடுவில் வேல்ஷ் பிழைத்தது. 1588-லேயே பைபிள் முழுவதும் அப்பாஷையில் அச்சாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளில் குழந்தைகளோடு பெரியவர்களும் அமர்ந்து அதைப் படிக்கக் கற்றார்கள்.

1979-ல் வேல்ஷ் பாஷைக்கென்று ஒரு டெலிவிஷன் நிலையம் அமைப்பதாக வாக்களித்த பிரிட்டிஷ் அரசாங்கம், பதவியேறியதும் பின்வாங்கியது. தக்காளி பயிரிட்டு ஜீவித்தவரும், முன்னாள் பார்லிமெண்டு அங்கத்தினரும், அஹிம்சாவாதியுமான குவின்ஃபார் எவான்ஸ், அந்த வாக்கை நிறைவேற்றாவிட்டால் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பதாக 1980-ல் அறிவித்தார். இந்த ஆயுதத்தின் வலிமை நம் நேயர்களுக்குத் தெரியாததன்று. விரதம் தொடங்குவதற்கு முன்பே அரசாங்கம் பணிந்தது. 1982-ல் நிலையம் ஏற்பட்டது. இதில் ஒரு விசேஷம்: எவான்ஸ் பிறந்தது இங்கிலீஷ் பேசும் வீட்டில். ஹைட்டைப் போலவே அவரும் பாஷையைத் தேடிக் கற்றவர். கையிலிருப்பதைவிடக் கை நழுவியதன் அருமை அதிகம் போலும்!

ஆயினும் 1901-ல் வேல்ஸ் ஜனங்களில் பாதிப்பேர் வேல்ஷ் பேசினார்கள். 2021-ல் நூற்றுக்கு 18 பேர்கூட இல்லை. 2050-க்குள் பத்து லட்சம் பேரைப் பேச வைப்பது என்று 2017-ல் வேல்ஸ் அரசாங்கம் திட்டம் வகுத்தது. நல்ல திட்டந்தான். பள்ளிகள் திறக்கலாம், உபாத்தியாயர்களை நியமிக்கலாம், பணமும் ஒதுக்கலாம். ஆனால் திட்டம் பலிக்குமா என்பதை எந்த மந்திரியும் சொல்ல இயலாது. இராத்திரி விளக்கைத் தணித்துவிட்டு, தூக்கம் வராத குழந்தைக்குத் தாய் எந்தப் பாஷையில் கதை சொல்கிறாள் என்பதைப் பொறுத்த விஷயம் அது.