தீராத வயிற்று வலி தீரும்!

"தீராத வயிற்று வலி!" பத்திரிகையில் இந்தச் சொல்லைப் படிக்காதவர் உண்டா? துக்கச் செய்திகளோடு ஒட்டிக்கொண்டே வரும் சொல் அது. அதில் உள்ள "தீராத" என்பதை இனி எடுத்துவிடலாம். வயிற்றுப் புண்களில் பெரும்பாலானவை இன்று மருந்தால் தீரக்கூடியவை.

தென்னாட்டில் இது பழைய வியாதி. 1922, 1924-ம் ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற டாக்டர் சாமர்வெல், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பணியாற்றியபோது குடல் புண்ணுக்காக ஏராளமான பேருக்கு ஆபரேஷன் செய்தார். காரத்தால் புண், கவலையால் புண் என்றே அப்போது எல்லோரும் நம்பினார்கள்.

கிருமியைக் குடித்த டாக்டர்!

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர டாக்டர்கள் வாரனும் மார்ஷலும் 1982-ல் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். "அமிலத்தில் கிருமி பிழைக்குமா?" என்று பலரும் கேலி செய்தார்கள். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கி, தாமே குடித்துவிட்டார்! சில நாட்களில் வாந்தி. குழாய் விட்டுப் பார்த்தால், இரைப்பை அழன்று கிடந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது கிருமியின் பெயர். கிருமி உள்ள எல்லோருக்கும் புண் வராது. வலி மாத்திரைகளாலும் புண் வருவதுண்டு. கிருமிதான் காரணம் என்றால், டாக்டர் தரும் மருந்தை இரண்டு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். இப்படிப் பழகிய கிருமியை எப்படி ஒழிப்பது என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியில் பெரிய கேள்வி.

விடியுமுன் கிளம்பும் ஜீப்

கம்பம், கூடலூர், போடியிலிருந்து இருட்டிலேயே ஜீப்புகள் மலை ஏறுகின்றன. கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அவற்றில் இருக்கிறார்கள். நெஞ்செரிச்சல் வந்தால் என்ன செய்வது? மருந்துக் கடையில் ஒரு கேஸ் மாத்திரை. எரிச்சல் அடங்கும். ஆபத்து அங்கேதான்! அந்த மாத்திரை மட்டும் கிருமியைக் கொல்லாது. உள்ளே புற்றுநோய் இருந்தால், அதன் அடையாளத்தையும் சில காலம் மறைத்துவிடும்.

மலம் தாரைப் போல் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். உடம்பு காரணமின்றி இளைத்தாலும், சோறு தொண்டையில் இறங்க மறுத்தாலும் மாத்திரையை நம்பியிருக்கக் கூடாது. எண்டோஸ்கோப்பி பார்த்துவிட வேண்டும்.

"குழாயா, ஐயோ!" என்று பயப்படுகிறவர்கள் அதிகம். வெறும் வயிற்றில் போகவேண்டும். தொண்டை மரத்துப் போக மருந்து அடிப்பார்கள். சுண்டுவிரல் பருமனுள்ள, வளையும் குழாய். நுனியில் விளக்கும் காமிராவும். குமட்டும், உண்மைதான். சில நிமிடங்களில் முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் துளி சதை கிள்ளி எடுப்பார்கள், அது வலிக்காது. (வளையும் கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கொண்டுவரும் வித்தையை 1954-ல் லண்டனில் உலகுக்கு அறிவித்த இருவரில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த கபானி!)

பயத்தை விடப் பெரிய தடை கூலிதான். தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி க.விலக்கில் இருக்கிறது. கம்பத்திலிருந்து தேனிக்கே சுமார் 40 கிலோமீட்டர், க.விலக்கு அதற்கும் அப்பால். சோதனைக்கு ஒரு நாள், முடிவு கேட்க ஒரு நாள் என்று இரண்டு நாள் கூலியை யார் இழப்பார்கள்? வலியைப் பொறுத்துக்கொண்டு ஜீப் ஏறுவதுதான் அவர்களுக்குச் சுலபம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கம்பத்திலும் போடியிலும் அரசு ஆஸ்பத்திரியிலேயே இந்தச் சோதனையை நடத்தவேண்டும். எடுத்த சதையைத் தேனிக்கு அனுப்பட்டும். முடிவை அடுத்த ஞாயிறு அங்கேயே சொல்லட்டும். அலைய வேண்டியது அந்தச் சதைத் துணுக்குதான், நோயாளி அல்ல.