உஷ்ணமானியும் கதிர்மானியும்

சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் 1837ஆம் ஆண்டு நிறுவப்பெற்று, ஜான் கால்டிகாட்டை முதல் இயக்குநராகக் கொண்டு, விண்மீன்களையும் பூமியின் காந்த விசையையும் அளந்துவந்த வானாய்வுக்கூடம் அமைந்த திருவனந்தபுரத்துக் குன்றின்மீதே இன்று கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் காரியாலயமும் இருக்கிறது. அவ்வாணையம் 2025ஆம் ஆண்டுக் கோடை தொட்டு, ஜில்லாவுக்கு ஒன்று வீதம் 14 இடங்களில் புறஊதாக் கதிர்மானிகளை வைத்து, அவற்றில் காணும் உச்சக் குறியீட்டை வெளியிட்டு, 6, 7 என்றால் மஞ்சள், 8 முதல் 10 வரை ஆரஞ்சு, 11ம் அதற்கு மேலும் சிவப்பு என்று எச்சரித்து வருகிறது. அவ்வாண்டு மார்ச்சில் பொன்னானியிலும் திருத்தாலாவிலும் குறியீடு 11ஐத் தொட்டுச் சிவப்பெச்சரிக்கை பிறந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெயில் என்றால் உஷ்ணம் மட்டுமே என்று எண்ணிப் பழகிய ஒரு நாட்டில், கண்ணுக்குப் புலப்படாததும் சருமத்துக்குச் சூடாகத் தோன்றாததுமான ஒரு கிரணத்துக்குத் தனிக் கணக்கு ஏற்பட்டது மெச்சத்தக்க காரியமே. ஆனால் அந்தக் கணக்கைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டியவர்களாகிய நாம், அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதில் சிறிது கண்டிப்பாக இருத்தல் வேண்டும்.

1987இல் ஆராய்ச்சியாளர்கள் மெக்கின்லேயும் டிஃபியும் வகுத்த எடைக்கோட்டின்படி, ஒவ்வோர் அலைநீளமும் சருமத்தைச் சிவக்கச் செய்யும் ஆற்றலுக்கேற்ப நிறுத்தப்பட்டு, அவ்வாறு நிறுத்த கதிர்வீச்சில் சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட் கொண்டது குறியீட்டின் ஓர் அலகாகிறது. ஆகவே குறியீடு 10 என்றால் நியம அளவு எனப்படும், சதுர மீட்டருக்கு 100 ஜூல், 6 நிமிஷமும் 40 வினாடியும் கழிவதற்குள் விழுந்துவிடும். விழுவது எதன்மேல்? வானத்தை நோக்கி மல்லாந்து கிடக்கும் ஒரு சமதளத் தட்டின்மேல். மனிதனோ நிமிர்ந்து நடக்கிறான், குனிந்து வேலை செய்கிறான், ஒரு பொழுது நிழலிலும் மறுபொழுது வெளியிலுமாகத் திரிகிறான். மழைமானியில் விழுந்த நீரை அளந்துவிட்டு, வீதியில் நடந்தவன் எவ்வளவு நனைந்தான் என்று சொல்லிவிட இயலுமா?

இந்த வேற்றுமையைப் பாராட்டாமையால் விளையும் குழப்பத்துக்குத் தொழிலாளர் வேலை நேர உத்தரவே தக்க உதாரணம். 2025இல் பிப்ரவரி 11 முதல் மே 10 வரை, வெளியில் வெயிலில் உழைப்போருக்குப் பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வளிக்க வேண்டுமென்று கேரளத் தொழிலாளர் துறை ஆணையிட்டது. உஷ்ணத்தைக் கருதினால் இது மிகச் சரியான நேரமாகும்; காற்றின் வெப்பம் பிற்பகல் இரண்டு, மூன்று மணியளவில்தான் உச்சத்தை அடைகிறது. ஆனால் புறஊதாக் கிரணத்துக்கு அத்தகைய தாமதம் கிடையாது. சூரியன் எவ்வளவு உயரம் ஏறியதோ, அந்தக் கணமே அவ்வளவு. நம் திருவனந்தபுரம் இந்திய நேரத்தின் ஆதார ரேகைக்கு மேற்கே ஏறக்குறைய ஐந்தரைப் பாகை தள்ளியிருப்பதால், மார்ச் மூன்றாம் வாரத்தில் இங்கே சூரியன் உச்சி சேர்வது கடிகாரத்தில் 12.30 மணிக்கு. சூரியன் 45 பாகைக்கு மேலே நிற்கும் நேரம், அதாவது மனிதனின் நிழல் அவன் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரம், காலை 9.35 முதல் பிற்பகல் 3.25 வரை நீள்கிறது. பேரிடர் ஆணையம் 10 முதல் 3 வரை வெயிலைத் தவிர்க்கச் சொல்வது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. தொழிலாளர் துறையின் உத்தரவோ, முற்பகல் 10 முதல் 12 வரையிலான இரண்டு மணி நேரத்தை முழுவதும் வெளியில் விட்டுவிடுகிறது. ஒரே அரசாங்கத்தின் இரு கரங்கள் இருவேறு வெயில்களைப் பற்றிப் பேசுகின்றன. கேட்கும் தொழிலாளிக்கு அது தெரிவதில்லை.

இதனினும் விசித்திரமானது, கடல்மட்டத்திலிருந்து 3000 அடிக்கு மேற்பட்டு, வெப்பவாதத்துக்கு இடமில்லாத மலைப்பிரதேசங்களுக்கு அவ்வுத்தரவில் அளிக்கப்பட்ட விலக்கு. மலை ஏற ஏறக் குளிர்ச்சி மிகுவது உண்மை. ஆனால் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவில் புறஊதாக் கிரணம் கூடிக்கொண்டு போவதும் அதே அளவு உண்மை. மேலே காற்றும் தூசியும் குறைவு. 1500 மீட்டருக்கு மேலுள்ள மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் காலை முதல் கொழுந்து கிள்ளும் பெண்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற குடும்பங்களின் வழிவந்தவர்கள்; இளங்காற்று வீசுவதால் வெயில் உறைப்பதாகவே அவர்களுக்குத் தோன்றாது. 14 கதிர்மானிகளில் ஒன்று மூணாற்றிலேயே இருந்து ஆரஞ்சு வண்ணத்தை அடிக்கடி காட்டியிருக்கையில், உஷ்ணமானியின் சாட்சியத்தைக் கொண்டு அவர்களை வெயிலிலிருந்து விடுதலை பெற்றவர்களாகக் கருதுவது நியாயமாகாது. விலக்கை நீக்கவேண்டும் என்பதல்ல எமது வாதம்; உஷ்ணத்துக்கு ஒன்றும் கதிருக்கு ஒன்றுமாக இரு அட்டவணைகள் வேண்டும் என்பதே.

இனிச் சருமத்தையும் நேத்திரத்தையும் பற்றி. மேற்சொன்ன எடைக்கோடு வெள்ளைத் தோல் சிவப்பதை ஆதாரமாகக் கொண்டது. நம்மவர் தோலுக்குச் சிவக்க அதைப்போல் பன்மடங்கு வேண்டும், சிவந்தாலும் எளிதில் தெரியாது; தோல் புற்றுநோயும் நம்மிடையே அபூர்வமே. இதைக்கொண்டு “நமக்கு வெயில் பழக்கம்” என்று சொல்லும் முதியவர்களை முழுவதும் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் தோலின் கருமை கண்ணின் வெண்படலத்தையோ விழிலென்சையோ காப்பதில்லை. விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் கடலையே பார்த்து உழைக்கும் மீனவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வதும், அகாலத்தில் புரை படர்வதும் ஏற்படக்கூடும் என்பதை எந்தக் கண் வைத்தியரும் அறிவார். இங்கே மற்றொரு விசேஷம்: ஜப்பானில் பொம்மைத் தலைகளின் கண்களில் உணரிகளைப் பொருத்தி அளந்தபோது, சூரியனை நோக்கிய கண்ணுக்கு அதிகக் கதிர் சேர்வது நடுப்பகலில் அன்று, சூரியன் தாழ்ந்து நிற்கும் முற்பகலிலும் பிற்பகலிலும் என்று கண்டார்கள். உச்சிச் சூரியனைப் புருவமும் இமையும் மறைத்துவிடுகின்றன. குறியீடு தணிந்து மஞ்சளும் மறைந்த வேளையில்தான், நீர்ப்பரப்பை நோக்கி நிற்பவனின் கண் நிராயுதபாணியாகிறது.

குடையைக் கேரளத்தாருக்குக் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் புறஊதாவின் குறுகிய அலைகளில் ஏறக்குறைய பாதி, நேர்க்கிரணமாக வராமல் வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருவதால், குடையின் நிழல் கண்ணுக்குக் காட்டும் அளவு இருட்டைக் கதிர்மானிக்குக் காட்டாது. அகன்ற விளிம்புத் தொப்பியும், கழுத்தை மூடும் துண்டும், பக்கங்களை அணைத்த கண்ணாடியும் கூடவே வேண்டும். அலுவலக அறையில் அடைந்து கிடந்து வைட்டமின் டி குறைந்தவர்கள் எச்சரிக்கையைக் கேட்டு இன்னும் உள்ளே ஒடுங்குவதும் நல்லதன்று. அவர்களுக்குச் சொல்லவேண்டிய புத்திமதி வேறு.

இனிக் கருவிகளின் நம்பகத்தைப் பற்றி. பீர்மேட்டில் 1918இல் பிறந்து 2001இல் இந்நகரிலேயே மறைந்த அன்னா மணி, ஏறக்குறைய நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களை நியமப்படுத்தி, இந்திய ஓசோன்மானியையும் உருவாக்கித் தந்தார். ஒரு கருவியை மற்றொன்றோடு அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்காத அளவை அளவென்றே அவர் ஏற்றிருக்கமாட்டார் என்பது எம் அபிப்பிராயம். 14 கதிர்மானிகளையும் ஆண்டுக்கொருமுறை ஓரிடத்தில் கூட்டி, புனேயின் கதிர்வீச்சு ஆய்வகத்து நியமக் கருவியோடு ஒப்பிட்டாலன்றி, விளப்பில்சாலை நிலையத்தின் 7ம் கோந்நி நிலையத்தின் 9ம் உண்மையிலேயே வேறுபட்டவையா என்று யாரும் உறுதி கூறமுடியாது. உப்புக்காற்றும் மழைப்பாசியும் உணரியின் மூடியைக் கெடுக்கும் வேகம் நம் கடற்கரையில் அதிகம்.

தனிமனிதன் பெறும் அளவுக்கு, டிஃபி முதலியோர் 1976 முதல் கையாண்டுவரும் பாலிசல்போன் படலச் சின்னமே இன்னும் மலிவும் எளிமையும் உடையது: 330 நானோமீட்டரில் அதன் ஒளி உறிஞ்சலை அணிவதற்கு முன்னும் அணிந்த பின்னும் அளந்தால் போதும். ஆனால் நம் வெயிலில் அது சில மணி நேரத்திலேயே நிறைந்துவிடுமாதலால், உச்சிவேளையில் புதிதாக மாற்றவேண்டும். வரும் பிப்ரவரி முதல், சூரியன் நம் தலைக்கு நேரே வரும் ஏப்ரல் 12ஆம் நாளை ஒட்டிய காலம் வரை, மூணாற்றுத் தோட்டத்திலோ கரைவலை இழுக்கும் துறையிலோ கட்டட வேலைத் தளத்திலோ, தோள், பிடரி, கன்னம் ஆகிய மூன்றிடங்களில் இச்சின்னத்தை அணிவித்து அளக்க முன்வரும் அன்பர்கள், படலம் மாற்றிய நேரம், வேலையின் தன்மை, அன்றைய மேகநிலை ஆகியவற்றோடு அளவுகளை அனுப்பினால், பிழை எல்லையைக் குறிப்பிட்டிருக்கும்பட்சத்தில், எவ்வளவு சிறிய தொகுதியாயினும் இப்பத்திரிகையில் இடமளிக்கச் சித்தமாயிருக்கிறோம்.