விசை வழுக்கட்டும், தளர வேண்டாம்!

கான்பூரில் 2014-ல் 'நிர்பீக்' ரிவால்வர் வந்தது. எடை 500 கிராம். அப்போது விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். (பெண்ணுக்கு நகை வாங்கும் காசு!) 2023-ல் 'பிரபல்' வந்தது. கைப்பையில் வைக்கலாம், விசையை இழுப்பது எளிது, பெண்களுக்கு ஏற்றது என்றார்கள்.

விசை எளிதாவது நல்லதா?

ரிவால்வர் விசையை ஒருமுறை இழுத்தால் தோட்டா உருளை சுழல்கிறது. சுத்தி பின்னுக்குப் போகிறது. பிறகு பாய்ந்து தோட்டாவின் அடியில் அறைகிறது. இத்தனை வேலையும் ஒரு விரலுக்கு! அதனால் விசை கடினமாக இருக்கிறது. பெரும்பாலான ரிவால்வர்களில் தனிப் பூட்டு கிடையாது. அந்தக் கடினமே பூட்டு.

உள்பாகங்கள் உரசும் இடத்தை மெருகேற்றினால் விசை வழுக்கிக்கொண்டு வரும். இது சரி. ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் சுத்தியின் அடி வலுவிழக்கும். திருடன் எதிரே நிற்கும்போது தோட்டா வெடிக்காமல் போகலாம். அம்மாவின் பையைத் துழாவும் குழந்தையின் விரலுக்கு வெடித்துவிடலாம்!

1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார். பழைய குரல் திரும்பவில்லை.

தாம்பரம், பல்லாவரம் பக்கம் உரிமத்தோடு ரிவால்வர் வைத்திருப்பவர்கள், தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து ஸ்பிரிங்கை வெட்டவே கூடாது. உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். மெருகேற்றும் வேலையைத் தொழிற்சாலையே செய்து அனுப்பட்டும். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.