சாம்பிராணி வேண்டாம், ஜிப்பை மூடுங்கள்!

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன், மருமகள் டொரன்டோவில். மே மாதம் பேரனைப் பார்க்கக் கிளம்புகிறார். மகன் பழைய பாப்-அப் கேம்பர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறானாம். ஜூன் இரண்டாவது வாரம் எல்லோரும் அல்கான்குவின் பூங்காவில் மூன்று ராத்திரி தங்கப் போகிறார்கள். பேரனுக்கு அப்போது 5 மாதம். ‘அங்கே கொசு பிடுங்கி எடுக்கும் என்கிறார்கள். கொசுவத்திச் சுருள், லிக்விட் மெஷின், சாம்பிராணி எல்லாம் பெட்டியில் வைத்துவிட்டேன். வேறென்ன எடுத்துப் போகலாம்?’ என்பது கேள்வி.

எடுத்து வைத்ததையெல்லாம் முதலில் வெளியே எடுங்கள் அம்மா!

கேம்பரைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் தாழ்வான பெட்டி அது. போய்ச் சேர்ந்ததும் கூரையை மேலே தூக்கி, இரண்டு பக்கமும் கட்டில்களை வெளியே இழுத்துவிட்டால் ஓர் அறை தயார். அடியில் பெட்டி, மேலே கூரை, நடுவில் சுவர் முழுக்க கேன்வாஸ் துணியும் வலை ஜன்னலும்தான். வீடு என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். கொஞ்சம் வசதியான கூடாரம், அவ்வளவுதான்.

அந்தத் துணி அறைக்குள் நெருப்புள்ள எதுவும் கூடாது. துணி, மெத்தை, திரை எல்லாமே பற்றிக்கொள்ளும் சரக்கு. சுருள் புகையும் லேசுப்பட்டதல்ல. ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75-க்கும் மேற்பட்ட சிகரெட்டுகளுக்குச் சமம் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பயம் சாம்பிராணியில்தான். குழந்தையைக் குளிப்பாட்டியதும் தலைக்குப் புகை காட்டுவது நம் கைக்கு ஊறிப்போன பழக்கம். ஆனால், கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. குளிருக்காகக் கூடாரத்துக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. லிக்விட் மெஷின் நம்மூர் 230 வோல்ட்டுக்குச் செய்தது. அங்கே 120 வோல்ட். செருகினாலும் சரியாகச் சூடாகாது. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம். கைக்குழந்தைக்குக் கற்பூரம் வலிப்பையே வரவழைத்துவிடும்.

கொசு விரட்டும் கிரீம் தடவலாமா? 6 மாதம் ஆகாத குழந்தைக்கு எந்த விரட்டியும் கூடாது என்பது கனடா சுகாதாரத் துறையின் அறிவுரை. பெரியவர்கள் தடவிக்கொள்ளலாம். 20 சதவிகிதம் இகாரிடின் உள்ளதை வாங்கச் சொல்லுங்கள். டீட் என்ற மருந்தும் நன்றாக வேலை செய்யும்; ஆனால், அது பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். கேம்பரின் ஒளிபுகும் ஜன்னல் ஷீட்டில் அந்தக் கையை வைத்தால் மங்கிப்போகும்.

ஆக, பேரனுக்கு இருப்பது ஒரே வழி. பூச்சி உள்ளே வராமல் இருக்க வேண்டும்.

பழைய கேம்பர் என்பதால் ஓட்டை நிச்சயம் இருக்கும். கண்டுபிடிக்க சுலபமான வழி: கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டு வாசலில் விரித்து வைத்து, இருட்டியதும் உள்ளே விளக்கைப் போட்டு, திரைகளையெல்லாம் மூடிவிட்டு வெளியே சுற்றி வாருங்கள். எங்கே வெளிச்சம் கீற்றாகக் கசிகிறதோ அங்கே பூச்சிக்கு வழி இருக்கிறது. பெரும்பாலும் இழுத்த கட்டிலின் மூலைகளில்தான் இருக்கும். துணியைக் கட்டில் பலகைக்குக் கீழே மடித்து, வெல்க்ரோவாலோ எலாஸ்டிக் கயிற்றாலோ பிடித்து வைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் இழுத்து இழுத்து வெல்க்ரோ பிடிமானம் போயிருக்கும். புதிதாக வாங்கித் தைப்பது நம் கைவேலைதானே! மூலையில் விரல் நுழையும் சந்து இருந்தால், நீச்சல் குளத்தில் குழந்தைகள் பிடித்து மிதக்கும் நீள நுரைக் குழாயை வெட்டிச் செருகலாம். அவசரத்துக்குச் சுருட்டிய துண்டுகூடப் போதும். கதவின் அடிப்பக்கம், கரன்ட் வயர் நுழையும் சின்ன மூடி, தண்ணீர்க் குழாய்க்காகத் தரையில் போட்ட துளை, இவற்றையும் பாருங்கள். தரைத் துளையில் இரும்பு நாரை அடைத்தால் எலியும் வராது. வலையில் கிழிசல் இருந்தால் ஊசி நூலே போதும்.

இத்தனை அடைத்தும் ஒன்று நுழையும். நோ-சீ-அம் என்பார்கள், கண்ணுக்கே தெரியாத பொடிக் கொசு, 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். சாதாரண ஜன்னல் வலையின் கண்ணுக்குள் சர்வசாதாரணமாகப் புகுந்துவிடும். அதற்கென்றே நெருக்கமான வலை விற்கிறது. ஆனால், அதற்குப் பறக்கத் தெம்பு போதாது. கட்டிலைப் பார்த்து ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் எதிர்க்காற்றில் வர முடியாது. கொசுவுக்கும் அதே வைத்தியம். நம் மூச்சுக்காற்றை மோப்பம் பிடித்துத்தான் கொசு வருகிறது. விசிறி அதையும் கலைத்துவிடும். என்னைக் கேட்டால் கேம்பருக்குள் வைக்க வேண்டிய முதல் சாமான் விசிறிதான்.

பேரனுக்குத் தனித் தொட்டிலும், அதன்மேல் எலாஸ்டிக் வைத்த நெருக்கமான வலையும் வேண்டும். வலை இறுக்கமாக நிற்கட்டும். குழந்தையின் கைக்கு எட்டினால் இழுத்து முகத்தில் போட்டுக்கொள்வான். உடம்பில் உரசினால் கொசு வலைக்கு வெளியிலிருந்தே கடித்துவிடும். கை, கால் மூடிய வெளிர்நிற உடுப்பு போடுங்கள். அடர்நிறம், அதிலும் கருநீலம், அங்குள்ள கறுப்பு ஈக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்தக் கறுப்பு ஈயைப் பற்றித்தான் மகனிடம் பேச வேண்டும். ஓடும் தண்ணீரில் வளரும் அது, அல்கான்குவினில் மே நடுவிலிருந்து ஜூன் கடைசிவரை மொய்க்கும். பகலில்தான் கடிக்கும். வலியில்லாமல் தோலை வெட்டி ரத்தம் குடித்துவிட்டுப் போகும். பிறகுதான் வீக்கமும் அரிப்பும். நல்லவேளை, கேம்பருக்குள் மாட்டிக்கொண்டால் கடிக்காது. வெளியேற வழிதேடி ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜூனில் கொசுவும் சேர்ந்துகொள்ளும். அதாவது, மகன் குறித்திருப்பது இரண்டும் கைகோக்கும் நேரம். பயணத்தை ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளினால் பூச்சி வெகுவாகக் குறைந்திருக்கும். பேரனுக்கும் 7 மாதம் முடிந்திருக்கும். இகாரிடின் லேசாகத் தடவலாம். விடுமுறை கிடைப்பது கஷ்டம் என்று மகன் சொல்லலாம். ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

தேதி எதுவானாலும் இடம் பிடிக்கும்போது தேங்கிய தண்ணீர், புதர் பக்கம் வேண்டாம். காற்று வரும் மேட்டு இடமாகப் பார்க்கச் சொல்லுங்கள். அந்திக்கு முன்பே குழந்தையை உள்ளே கொண்டுபோய்விடுங்கள். இருட்டிய பிறகு கதவைத் திறக்கும் முன் உள் விளக்கை அணைக்க வேண்டும். ‘செருப்பு வெளியே இருக்கு’, ‘போன் கார்ல இருக்கு’ என்று பத்து தடவை கதவைத் திறப்பவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். மீறி நுழைந்ததை கொசு பேட் பார்த்துக்கொள்ளும். அது அங்கேயே கிடைக்கிறது.

உண்ணி மட்டும் ஓட்டை வழியாக வராது. நம் உடுப்பில் ஏறி வரும். ஒன்டாரியோவில் லைம் நோயைப் பரப்பும் உண்ணி இருக்கிறது. புல்லில் நடந்து வந்தால் தினமும் ராத்திரி எல்லோரும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். பேரனுக்குக் காது மடலின் பின்புறம், கழுத்து மடிப்பு, டயபர் ஓரம். இருந்தால் எண்ணெய் விடுவது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுங்கள். பெட்டியில் சாம்பிராணி இருந்த இடத்தில் அந்த இடுக்கியை வையுங்கள்.