ஸ்க்ரூவை சுத்தியலால அடிக்க வைக்கிறது யாரு?

பி.காம். படிக்கிறவனுக்கு ஸ்க்ரூவைப் பத்தி என்ன பேச்சுன்னு கேக்காதீங்க மக்களே. இது முழுக்க காஸ்டிங் விஷயம்.

மரவேலை நடக்குற வீட்டுல கவனிச்சுப் பாருங்க. ஸ்க்ரூவை முக்கால்வாசி சுத்தியலால அடிச்சு இறக்கிட்டு, கடைசி ரெண்டு சுத்து மட்டும் திருப்புளியால முடுக்குவாங்க. மரை மரத்துக்குள்ள வெட்டிக்கிட்டுப் போய் உக்காந்தாதான் ஸ்க்ரூ பிடிக்கும். அடிச்சா நார் கிழிஞ்சுடும். அப்புறம் அது வெறும் ஆணிதான், கொஞ்சம் விலை கூடின ஆணி :-)

தேக்கு, வேங்கை, கருவேலம் எல்லாம் வைரம் பாய்ஞ்ச மரம். முதல்ல துளை போட்டே ஆகணும். 8ஆம் நம்பர் ஸ்க்ரூவோட தடிமன் 4 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல. அடிக்கட்டையில 3 மி.மீ. துளை, மேல்கட்டையில 4.5 மி.மீ. மேல்கட்டையிலயும் மரை பிடிச்சுக்கிட்டா ரெண்டும் நெருங்காம நடுவுல சந்து நிக்கும். மரையில மெழுகுவர்த்தியைத் தேய்ச்சா சுலபமா இறங்கும். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்க வைக்கும். பித்தளை ஸ்க்ரூன்னா அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒரு தடவை ஓட்டி எடுத்துட்டு அப்புறம் போடணும், இல்லேன்னா தலை கையோட வந்துடும். கருவேலத்துல இரும்பே வேண்டாம்னு சொல்வேன். தோல் பதனிட உதவுற அதோட டானின், ஈரத்துல இரும்போட சேர்ந்தா கருநீலக் கறைதான்.

இன்னொண்ணு, அந்தக் கருப்பு ஸ்க்ரூ. ஜிப்சம் போர்டுக்காக செஞ்சது அது. கடினமாக்கின இரும்பு, வளையாது, 'டக்'குனு முறியும். கட்டில் காலுக்கு அதைப் போடுறது வம்பு. முறியுறப்போ மேல ஆள் படுத்திருப்பாங்க!

உடனே "இந்தக் காலத்து ஆசாரிங்களே இப்படித்தான்"னு கிளம்பிடுவாங்க. என் கட்சி வேற. கட்டிலுக்கு இவ்வளவுன்னு காண்ட்ராக்ட் பேசி, அதுலயும் ஐந்நூறு குறைக்கச் சொல்றது நாமதானே? ஒரு ஸ்க்ரூவுக்கு ரெண்டு துளை, மெழுகு எல்லாம் சேர்த்து 2 நிமிஷம்னு வைங்க. 60 ஸ்க்ரூவுக்கு 2 மணி நேரம். அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுத்தா? பல ஆயிரத்துக்குத் தேக்கு வாங்கிட்டு இந்த 2 மணி நேரத்துல மிச்சம் பிடிக்கிறதை எந்தக் கணக்குல எழுதுறது?

பேசும்போதே சொல்லிடுங்க: "அண்ணே, துளை போட்டுத்தான் முடுக்கணும். அதுக்கு அரை நாள் கூலி தனியா தர்றேன். பிட் உடைஞ்சா அதுவும் என் செலவு."