அப்புத்தளையை உண்டாக்கியவர்களுக்குப் பேர் போடுங்கள்!



அப்புத்தளை டவுனை உண்டாக்கியது யார் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "லிப்டன் துரை" என்பார்கள். அவர் உட்கார்ந்த மலை உச்சியைப் பார்க்க உல்லாசப் பயணிகள் வரிசையாகப் போகிறார்கள். உட்கார்ந்தவருக்குப் பேர் இருக்கிறது. நின்று வேலை செய்தவர்களுக்கு இல்லை!

கணக்கைச் சரியாகப் பார்ப்போம். லிப்டன் இலங்கைக்கு வந்தது 1890இல். அதற்கு வெகுகாலம் முன்பே ஊவா மலைகளில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, சிங்களக் கிராமத்தவரின் காட்டையும் சேனையையும் முடிக்குரிய காணியாக்கி, அரசு துரைமாருக்கு விற்றது. அந்தக் காட்டை வெட்ட நம் முன்னோரைக் கங்காணிமார் கொண்டுவந்தார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே செத்தார்கள். 1869இல் வந்த இலைநோய் கோப்பியை அழித்தது. அதே கைகள் தேயிலையை நட்டன. 1885இல் நானுஓயா வரை வந்திருந்த ரயில், பட்டிப்பொல மேட்டைத் தாண்டி 1893இல் அப்புத்தளையை எட்டியது. தேயிலைப் பெட்டி ஏற்ற ஸ்டேசன். ஸ்டேசனைச் சுற்றிக் கடைகள். டவுன் வளர்ந்தது இப்படித்தான்.

"பழங்கதை எதற்கு? சம்பளத்தைப் பேசுங்கள்" என்பார் சிலர். சம்பளத்தையும் பேசுவோம். ஆனால், ஊரை உண்டாக்கியவனை "வந்து போகும் கூலி" என்று எழுதி வைத்ததால்தானே 1948இல் நம் குடியுரிமையைப் பறிக்க முடிந்தது? 1964இல் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு நாடுகள் தலையெண்ணிப் பங்கு போட முடிந்தது? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை, சபைப் பணம் தோட்டத்துக்குள் தாராளமாக வர முடியாமல் போனது?

2014 அக்டோபர் 29ஆம் திகதி நம் ஹல்துமுல்லைப் பிரதேசத்து மீரியபெத்தயில் மண் சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். சொந்தக் காணி இல்லாத சனம் எங்கே போகும்?

பிரட்டில் அரைப் பேர் போட்டால் சண்டைக்குப் போகிறோம். வரலாற்றில் ஒரு பேரும் போடாமல் விட்டதை மட்டும் ஏன் பொறுக்கிறோம்?

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பழைய துண்டு, செக்ரோல், கல்லறை எழுத்து எல்லாவற்றையும் பார்த்து முன்னோர் பேர்களை எழுதட்டும். பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். அந்தப் பட்டியலோடு போய்க் கேட்போம்: பாடப்புத்தகத்தில் நம் வரலாறு, கையில் காணி உறுதி. 7 பேர்ச் பிச்சையல்ல, பாக்கி!