தலைமடை உழவர்களுக்குக் கடைமடையிலிருந்து ஒரு வேண்டுகோள்



மேட்டூர் திறந்து கல்லணைக்குத் தண்ணீர் வந்ததும் பூதலூர், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நடவு வேலை சூடுபிடித்துவிடும். தலைஞாயிறு, வேதாரண்யம் பகுதிக்கு அந்தத் தண்ணீர் வந்து சேரும்போது வாய்க்காலின் அடியோடு அடியாக ஓடும். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. போர் போட்டுச் சமாளிக்கலாமே என்பீர்கள். கடலோரத்தில் நிலத்தடியில் கிடைப்பது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். ஆற்றை விட்டால் எங்களுக்கு வேறு கதி இல்லை.

சாகுபடியைக் குறைக்கச் சொல்லவில்லை. நெல் தேங்கிய தண்ணீரைத் தாங்கிக்கொள்ளுமே தவிர, எந்நேரமும் அதில் நின்றே தீர வேண்டும் என்பதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஓர் அடி நீளப் பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் ஓட்டை போட்டு, அந்தப் பாதியை வயலுக்குள் இறக்கி, உள்ளிருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு அரை அடி கீழே போன பிறகு மடையைத் திறந்தால் போதும். இரண்டு அங்குலம் நின்றதும் அடைத்துவிடலாம். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் பருவமும் மட்டும் விதிவிலக்கு. அப்போது காயவிடக் கூடாது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கும் இந்த முறையில் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும். புகையான் தொல்லையும் குறையும்.

மண்ணையும் கவனியுங்கள். யூரியாவை மட்டுமே நம்பிய வயலில் மண் இறுகிப்போகிறது, ஈரம் நிற்பதில்லை. கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுங்கள். தொழுவுரம் இருந்தால் அதையும் போடுங்கள். ரசாயன உரத்தை ஒரே போகத்தில் நிறுத்த வேண்டாம். மகசூல் விழுந்தால் அடுத்த முறை யாருக்கும் மனசு வராது. மண் தேறத் தேறக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் இடங்களில் ஒருவர் மட்டும் காயவிட முடியாது. அதனால் ஒரே வாய்க்காலில் பாசனம் செய்கிறவர்கள் கூடிப் பேசி, முறை வைத்து மடை திறக்க வேண்டும். இந்தச் சம்பாவிலேயே ஊருக்கு நாலு வயலிலாவது குழாய் இறக்கிப் பாருங்கள். உங்கள் வயலுக்குப் போதும் என்று தெரிந்ததும் மடையை அடைத்து, மிச்சத் தண்ணீரைக் கீழே விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயிகள்